ஒரு சக்கரக் காற்று

எங்கள் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் போகிறவர்கள் புளி கொண்டு போவார்கள், மாம்பழம் கொண்டு போவார்கள், காலைக் கட்டிய கோழியைக்கூடக் கொண்டு போவார்கள். காற்றைக் கொண்டு போனவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் பெயர் மிக்கேலம்மாள். 1969ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், ஒரு பழைய ஜீப் சக்கரத்தில் கால் பம்பால் இருநூறு மிதி காற்றை அடைத்து, காரிமங்கலத்தில் பஸ் கூரைமேல் ஏற்றி, கிருஷ்ணகிரியில் இறக்கி, வேறு பஸ்ஸில் ஏற்றி, பெங்களூர் வரை கொண்டு போனார். கூடப் போனவர்கள் இரண்டு பேர். அவருடைய கணவர் அல்போன்ஸ், அப்புறம் நான். அப்போது நான் காரிமங்கலம் அரசு மருந்தகத்தில் கம்பவுண்டர். எனக்குக் கன்னடம் அரைகுறையாகத் தெரியும், ஆங்கில விலைப்பட்டியலைப் படிக்கத் தெரியும். அதற்காக அழைத்துப் போனார்கள்.

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஸ்பிரே கன் ஒன்று வாங்கத்தான் அந்தப் பயணம். அதற்கு எதற்குச் சக்கரம் என்று பஸ்ஸில் எல்லோரும் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டுமானால் அல்போன்சின் வலது கையிலிருந்து தொடங்க வேண்டும்.

அல்போன்ஸ் சேலத்தில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறை ஒன்றில் பதினோரு ஆண்டு பெயிண்டர். 1967இல் மருந்தகத்துக்கு வந்தபோது அவருடைய வலது மணிக்கட்டு, முறித்துப்போட்ட கீரைத்தண்டு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. விரலை மடக்க முடியும், கையை நிமிர்த்த முடியாது. வயிற்றுவலி வேறு. வாரம் இரண்டு நாள் தருமபுரியிலிருந்து வரும் டாக்டர் அவர் உதட்டைத் தூக்கிப் பார்த்து, ஈறின் ஓரமாக ஓடிய நீலக்கோட்டை எனக்குக் காட்டினார். ஈயம். லாரிச் சட்டத்துக்குத் துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் செந்தூரப் பூச்சு முழுக்க ஈயம். அதை அடித்ததும், காய்ந்த பழைய பூச்சைத் தேய்த்து அந்தத் தூசியைக் குடித்ததும் பதினோரு ஆண்டு. “இனி அந்தப் பக்கமே போகக்கூடாது, போனால் நான் எழுதிக்கொடுக்க மருந்து இல்லை” என்றார் டாக்டர்.

பட்டறை முதலாளி அல்போன்சுக்கு ஒரு மாதக் கூலியும் ஒரு சாமிபடக் காலண்டரும் கொடுத்து அனுப்பியிருந்தார். நான் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. அந்தப் பெயரில் அங்கே தொழிலாளி எவரும் வேலை செய்ததாகப் பதிவேட்டில் இல்லையாம். பதினோரு ஆண்டு உழைத்தவனுடைய ஈறில் சான்று நீலமாக எழுதியிருக்கிறது. ஆனால் பதிவேட்டில் இல்லை! அன்றைக்கு நான் மருந்துக் குப்பி ஒன்றை உடைத்ததற்கு என் சம்பளத்தில் பிடித்தார்கள். அதை மட்டும் சரியாகப் பதிவு செய்தார்கள்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். செய்வினை என்றார் ஒருவர். நேர்ச்சையை மறந்துவிட்டார், தேவதூதரான மிக்கேல் சம்மனசுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினால் கை நிமிரும் என்றார்கள் அவருடைய உறவுக்காரர்கள். நான் அல்போன்ஸ் வீட்டு வாசலில் நின்றே கத்தினேன். “ஈயம் கோயிலுக்குப் போறவனையும் கொல்லும், போகாதவனையும் கொல்லும்!” மிக்கேலம்மாள் வெளியே வந்து பார்த்தார். நெடிய உருவம், முப்பது வயதுக்குள் இருக்கும்.

“கம்பவுண்டரண்ணா, மெழுகுவத்தி நான் ஏத்திக்கறனுங்க. ஈயத்தை எப்படித் தொடாம பொழைக்கறதுன்னு நீங்க சொல்லுங்க” என்றார்.

எங்கள் நட்பு அப்படித் தொடங்கியது. அவருடைய மெழுகுவர்த்தியைப் பற்றி இரண்டு பேரும் இன்றுவரை சண்டை போடுகிறோம். மற்ற எதிலும் அவரை எதிர்த்து நான் ஜெயித்ததில்லை.

நான் சொன்னவை மூன்றே. செந்தூரப் பூச்சு வேண்டாம், அடிப்பூச்சுக்குக் காவி நிறத்து ரெட் ஆக்சைடு போதும். எதையும் உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் இருக்கிறது. மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டுங்கள். அதன்படி மிக்கேலம்மாள் முதலில் தகரப் பெட்டிகளுக்கும் பிறகு சைக்கிள்களுக்கும் பிரஷ்ஷால் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார். அல்போன்ஸ் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் குறை சொல்வார். குறை சொல்லச் சொல்ல வேலை நன்றாக வந்தது.

அடுத்த ஆண்டு ஒரு பழைய காரின் கதவு வந்தது. அல்போன்சின் பழைய கூட்டாளி ஒருவர் பட்டறையிலிருந்து ஸ்பிரே கன் ஒன்றை ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தார். கன்னை இயக்கக் காற்று வேண்டும். பட்டறையில் மோட்டார் கம்ப்ரசர் இருக்கும். அது இவர்கள் வீட்டையே விற்றாலும் கிடைக்காது. அல்போன்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய இரும்புக் கடையில் கிடந்த நான்கு ஜீப் சக்கரங்களை வாங்கி, ஒட்டுப்போட்டு, கால் பம்பால் அவற்றில் காற்றை நிரப்பி, வால்விலிருந்து ரப்பர் குழாய் வழியாகக் கன்னுக்குக் கொடுத்தார். மிதித்தது மிக்கேலம்மாள். ஒரு சக்கரத்துக்கு இருநூறு மிதி.

கன்னைப் பிடித்தது அல்போன்ஸ். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு அடித்தார். கை ஆடியது. அதைவிட மோசம், இருநூறு மிதி காற்றையும் அந்தக் கன் இருபது எண்ணுவதற்குள் குடித்துவிட்டது. கதவில் மூன்றில் ஒரு பங்கு முடியும்போது புஸ்ஸென்று நின்றது. சக்கரத்தை மாற்றி மறுபடி அடிப்பதற்குள் முன்பு அடித்தது காய்ந்து, கதவின் குறுக்கே விபூதிப் பட்டை மாதிரி ஒரு கோடு விழுந்தது. கார்க்காரர் கதவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

“அது கன்னு இல்லீங்க, பகாசுரன். வண்டி வண்டியா சோறு கேக்குது” என்றார் மிக்கேலம்மாள், வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு.

அந்த நிலையில்தான் பாலக்கோட்டுப் பக்கத்து விவசாயி நஞ்சப்பன் வந்தார். சேலத்தில் அவருடைய லாரிக்கு அல்போன்ஸ் பெயிண்ட் அடித்திருக்கிறார். நஞ்சப்பனிடம் வெளிறிப்போன ஓர் அம்பாசிடர் கார் இருந்தது. தை மாதக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் காரைக் குங்குமச் சிவப்பாக மாற்ற வேண்டும்.

“சேலத்துல வுட்டா மாசக்கணக்குல போட்டுருவாங்க. உன் வூட்டுலயே அடிச்சுக் குடுப்பியா அல்போன்சு?”

கையில் கன் இல்லாமலேயே அல்போன்ஸ் “அடிக்கறனுங்க” என்றுவிட்டார்.

அவர் அப்படி அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அதே வாரம் சேலம் முதலாளியிடமிருந்து ஆள் வந்திருந்தது. கன் பிடிக்க முடியாவிட்டால் என்ன, பிரஷ்ஷைப் பிடித்து லாரிச் சட்டத்துக்குச் செந்தூரம் பூசலாமே, பாதிக் கூலி தருகிறேன், பொங்கல் முடிந்ததும் வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மனிதனை என்னவென்று சொல்வது? ஒரு கையைத் தின்றாயிற்று, மிச்சத்துக்குப் பாதி விலை பேசுகிறான்! வேறு வழி இல்லையென்றால் போய்விடுவேன் என்று அல்போன்ஸ் என்னிடம் சொன்னார். போனால் திரும்ப மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், மிக்கேலம்மாளுக்கும் தெரியும். ஆகவே நஞ்சப்பனின் கார் நல்லபடியாக வந்தால் வீட்டிலேயே தொழில். கெட்டால் சேலம்.

இரண்டு ஆடுகளை விற்றார்கள். அந்தப் பணத்தில் எந்தக் கன்னை வாங்குவது என்பதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரு வாரம் பேச்சு. அல்போன்ஸ் தன் கைக்குப் பழகிய பெரிய கன்தான் வேண்டும் என்றார். புதிது கட்டுப்படியாகாவிட்டால் பழையது, இல்லையென்றால் அதைப்போலவே செய்த மலிவுச் சரக்கு. நானும் அவர் பக்கம்தான். இரண்டு விலைப்பட்டியல்களைப் படித்திருந்தேனே! மிக்கேலம்மாள் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். “அது எத்தனை மிதி குடிக்கும்?”

இரவல் கன் தேய்ந்தது, அதனால்தான் அப்படிக் குடித்தது என்றார் அல்போன்ஸ். நல்ல கன் எத்தனை குடிக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

“அப்பச் சக்கரத்தை எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்தே வாங்கறது.”

பஸ் கண்டக்டர் கூரைமேல் ஏறிய சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார், “என்னம்மா, எங்க பஸ்ஸுக்கு ஸ்டெப்னி நீங்களே கொண்டாந்துட்டீங்களா?”

“உங்க பஸ்ஸைப் பாத்த பொறவுதான் கொண்டாந்தோமுங்க” என்றார் மிக்கேலம்மாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் பழிவாங்குகிற மாதிரி லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பெங்களூரில் மோட்டார் சாமான் விற்கும் தெருவில் நான்கு கடைகளில் எங்களை உள்ளேயே விடவில்லை. சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஒரு பெண், கை தொங்கிய ஓர் ஆள், பம்பைத் தோளில் சாத்திய நான். ஐந்தாவது கடையில் முதலாளி “ஏன்ரீ இது?”, என்ன இது என்று கன்னடத்தில் அதட்டினார். நான் அரைகுறையாக விளக்கினேன். அவர் புரிந்துகொள்வதற்குள் உள்ளேயிருந்து ஒரு கடையாள் வந்தார். ராஜாமணி என்று பெயர். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். மிக்கேலம்மாள் சொன்னதை முழுவதும் நின்று கேட்டார். கேட்டது மட்டுமல்ல, முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு எங்களைக் கடையின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஒரு காலிச் சுவர் இருந்தது. அந்த மனிதரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. வாங்குவதற்கு முன் சரிபார்க்க ஏழைக்கும் உரிமை உண்டு என்று எந்தச் சட்டமும் சொல்லாத நாட்டில், அவர் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். இத்தனை ஆண்டு கழித்தும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டேயிருக்கிறது.

மூன்று கன்களை எடுத்து வைத்தார். முதலாவது சேலத்துப் பட்டறையில் இருந்ததைப் போலவே பெரியது. பெயிண்ட் ஊற்றும் கப் அடியில் தொங்கும். வெளிநாட்டுச் சரக்கு, பழையது. இரண்டாவது அதைப் பார்த்து உள்நாட்டில் செய்தது, புதியது, விலை பாதி. மூன்றாவது சின்னஞ்சிறியது. டீ டம்ளர் அளவு கப் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

“இது பீரோ செய்யறவங்க, சைக்கிள்காரங்க வாங்கறது. காருக்கு ஆகாதும்மா” என்றார் ராஜாமணி.

அல்போன்ஸ் முதலாவது கன்னை இடது கையால் எடுத்தார். விசையை அழுத்திப் பார்த்தார். அவர் முகம் பத்து வயது குறைந்துபோயிற்று. நான் விலைப்பட்டியலைப் பார்த்து, “நிமிஷத்துக்கு ஒன்பது கன அடி காற்று வேண்டும்” என்று படித்தேன்.

“மிதியில சொல்லுங்கண்ணா” என்றார் மிக்கேலம்மாள்.

பட்டியலில் மிதி இல்லை. அவர் மடியிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு நூலை எடுத்தார். நஞ்சப்பனின் கார்க் கதவை அந்த நூலால் முன்பே அளந்து வைத்திருந்தார். சுண்ணாம்புக் கட்டி வாங்கிச் சுவரில் அந்த அளவுக்கு ஒரு கதவு வரைந்தார். கப்பில் தண்ணீர் ஊற்றி, காரிமங்கலத்துக் காற்றை முதல் கன்னுக்குக் கொடுத்தார். விசையை அழுத்தியது அவர்தான். வாய்விட்டு எண்ணிக்கொண்டே அடித்தார். பதினெட்டில் கன் எச்சில் துப்ப ஆரம்பித்தது. சுவரில் மூன்றில் ஒரு பங்குதான் நனைந்திருந்தது.

சக்கரத்தை மறுபடி நிரப்ப வேண்டும். நான் மிதித்தேன். ஐம்பதில் மூச்சு வாங்கியது. அறுபதில் புத்தகத்தில் படித்ததெல்லாம் மறந்தது.

“நகருங்க சார், புத்தகம் படிக்கற காலு அது” என்று சொல்லி அல்போன்ஸ் பம்பின்மேல் ஏறினார். அவர் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருநூறையும் நிற்காமல் மிதித்தார்.

இரண்டாவது கன் பதினாறில் நின்றது. போதாததற்குக் கழுத்திலிருந்து தண்ணீர் ஒழுகியது. மறுபடி இருநூறு. மூன்றாவது சிறிய கன். அது நாலு விரல் அகலத்துக்குத்தான் தூவியது. மிக்கேலம்மாள் சுவர்க் கதவின் மேல்கோட்டில் தொடங்கி, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று ஏர் உழுகிற மாதிரி போய்க்கொண்டேயிருந்தார். இருபது, நாற்பது, அறுபது. எழுபத்தைந்தில் அடிக்கோட்டைத் தொட்டார். கதவு முழுக்க ஒரே ஈரம். சக்கரத்தில் இன்னும் காற்று இருந்தது.

ராஜாமணி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். “பதினாறு வருஷமா இந்தக் கடையில இருக்கேன். இப்படி ஒருத்தரும் பாத்து வாங்குனதில்லம்மா.”

“மிதிச்சிருந்தாப் பாப்பாங்க” என்றார் மிக்கேலம்மாள். பிறகு, “இதுங்க. ஒரு கதவுக்கு ஒரு சக்கரம். பட்டை விழாது.”

அல்போன்ஸ் சிறிய கன்னைக் கையில் வாங்கினார். அதன் விசை விரல்நுனியால் அழுத்துவது. கையும் ஆடக்கூடாது, நாலு விரல் அகலத்துக்குக் கோடு நேராகப் போக வேண்டும். அவர் முகத்தில் பத்து வயது திரும்பவும் ஏறியது.

“அப்ப இது என் கைக்கு இல்ல.”

“உங்க கைக்கு எதுவும் இல்லீங்க” என்றார் மிக்கேலம்மாள். அவர் குரலில் கோபமோ பரிதாபமோ இல்லை. “கால் இருக்குதுல்ல. ஒரு நாளைக்கு மூணு சக்கரம், அறுநூறு மிதி மிதிப்பீங்களா? நானூறு இப்பவே மிதிச்சுட்டீங்க.”

அல்போன்ஸ் கன்னைக் கீழே வைத்துவிட்டுப் பம்பைத் தோளில் சாத்திக்கொண்டார். பெரிய கன்னை வாங்கியிருந்தால் அவர் பெயிண்டராகவே வீடு திரும்பியிருப்பார். வாங்கியது சிறியது. அது இந்த நாட்டில் ஓர் ஆணுக்கு எவ்வளவு கனமான சாமான் என்று எனக்குத் தெரியும். ராஜாமணி கூடவே பம்புக்குப் போடும் இரண்டு தோல் வாஷர்களைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார், தேங்காயெண்ணெயில் ஊறவைத்துப் போடச் சொல்லி. அந்தப் பொட்டலத்தை வழி முழுக்க அல்போன்ஸ்தான் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

மார்கழி முழுவதும் கார் அவர்கள் வீட்டு வாசலில் நின்றது. மேலே சாக்குப் பந்தல். தூசி எழும்பாமலிருக்கத் தரையிலும் சாக்கிலும் தண்ணீர் தெளிப்பார்கள். பள்ளங்களுக்குப் பட்டி வைத்து, தண்ணீர் விட்டுத் தேய்த்து, காவி அடிப்பூச்சு அடித்து முடித்தார்கள். மிக்கேலம்மாள் அடித்தார், அல்போன்ஸ் மிதித்தார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். “பொண்டாட்டி துப்பாக்கி புடிக்கறா, புருஷன் சைக்கிளுக்குக் காத்தடிக்கறான்” என்று ஒருவன் சொன்னான். அல்போன்ஸ் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். ஆனால் மிதித்தார்.

மேல்பூச்சு தை முதல் வெள்ளிக்கிழமை. நஞ்சப்பன் ஜோசியரிடம் நேரம் கேட்டு வந்திருந்தார். அதிகாலை ஐந்திலிருந்து ஆறு. தன் அக்கா கண்ணம்மாளையும் அழைத்து வந்தார். தையில் எங்கள் பக்கத்து அதிகாலை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் புகை வந்தது. கார் கூரைமேல் கை வைத்தால் நனைந்தது.

“பனி வுடட்டுமுங்க. வெயில் ஏறுன பொறவு அடிக்கறனே” என்றார் மிக்கேலம்மாள்.

“நேரம் போயிரும்மா. கல்யாணக் காரு” என்றார் நஞ்சப்பன்.

நான் முன்னால் போய், “அய்யா, இந்தப் பெயிண்ட் காய்வது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. ஈரம் பஞ்சாங்கம் படிக்காது” என்று தொடங்கினேன். மிக்கேலம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“நீங்க பேசுனா காரு இப்படியே பாலக்கோட்டுக்குத் திரும்பிப் போயிரும். சும்மாருங்கண்ணா.”

என்ஜின் மூடியை மட்டும் துடைத்துவிட்டு அடித்தார். ஒரு சக்கரம், ஒரே மூச்சு, பட்டை இல்லை, ஒழுகல் இல்லை. ஈரமாக இருந்தவரை அது பழுத்த மிளகாய் போல மின்னியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. காய்கிற பெயிண்ட் பனி ஈரத்தை இழுத்துக்கொண்டு பால் பூக்கிறது. சிவப்பு முழுவதும் சாம்பல் படர்ந்தது.

“அய்யய்யோ, குங்குமத்துல சாம்பலு!” என்று கண்ணம்மாள் மாரில் அடித்துக்கொண்டார். “கல்யாணக் காருல! நான் அப்பவே சொன்னேன், பொம்பளை கையில குடுக்காதேன்னு!”

நஞ்சப்பன் முகமும் சாம்பலாகியிருந்தது. அவர் நேராக அல்போன்சிடம் போனார். “நீ சேலத்துக்காரன். உன்ன நம்பித்தானே வுட்டேன். அந்தக் கன்னை நீ வாங்கி அடி, அல்போன்சு.”

மிக்கேலம்மாள் கன்னை நீட்டிக்கொண்டு நின்றார். வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பதை அல்போன்சுக்கே விட்டுவிட்ட மாதிரி. பழி பெண்டாட்டிமேல் விழுந்தாயிற்று. “அவளுக்குத் தெரியலீங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அல்போன்ஸ் மறுபடி பெயிண்டர்.

அல்போன்ஸ் பம்பிலிருந்து இறங்கவேயில்லை.

“நான் அடிச்சாலும் இப்ப வெளுக்குமுங்க. சேலத்து மொதலாளியே வந்து அடிச்சாலும் வெளுக்கும். அவ கை தப்பு இல்லீங்க, பனி. உச்சிப் பொழுது வரைக்கும் டைம் குடுங்க. அப்பவும் சாம்பலா இருந்தா, நாங்க செஞ்ச வேலைக்குக் கூலி ஒண்ணும் வேண்டாம், காரை எடுத்துக்கிட்டுப் போங்க.”

பிறகு மனைவியைப் பார்த்து, “புள்ள, தின்னரை எடுத்து வெயில்ல வை” என்றார்.

காத்திருந்தோம். கண்ணம்மாளுக்கு மிக்கேலம்மாள் காப்பி கொடுத்தார். கண்ணம்மாள் முதலில் வேண்டாம் என்றார், பிறகு குடித்தார். ஒன்பது மணிக்குப் பனி விலகியது. பத்துக்குத் தகரம் சுட்டது. பத்தே முக்காலுக்கு மிக்கேலம்மாள் கன்னில், பெயிண்டைக் கரைக்கிற அந்தத் தின்னரை ஊற்றி, பேருக்குக் கொஞ்சம் பெயிண்ட் கலந்து எழுந்தார்.

கண்ணம்மாள் தம்பியின் காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. “வெள்ளிக்கிழமை, இப்ப ராகு காலம்டா.”

மிக்கேலம்மாள் நின்றார். “அடிக்கட்டுங்களா, வேண்டாங்களா?”

நஞ்சப்பன் சாம்பல் பூத்த மூடியைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். “அடிம்மா” என்றார்.

அல்போன்ஸ் மிதிக்கத் தொடங்கினார். மிக்கேலம்மாள் மூடியின்மேல் நாலு விரல் அகலத்துக்கு மெல்லிய மழையாகத் தூவிக்கொண்டே போனார். போன இடமெல்லாம் சாம்பல் கரைந்து கீழேயிருந்த சிவப்பு மேலே வந்தது. வெயிலில் அது அப்படியே நின்று காய்ந்தது. இரண்டாவது முறை வெளுக்கவில்லை. ஒரு சக்கரக் காற்று தீர்வதற்குள் மூடி முழுவதும் குங்குமம். கண்ணம்மாள் தொட்டுப் பார்க்க விரலை நீட்டினார். “தொட்றாதீங்கக்கா!” என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினோம்.

மிச்சக் காரை நான்கு நாள் உச்சி வெயிலில் அடித்தார்கள். யாரும் நேரம் கேட்கவில்லை. காரை எடுக்க வந்த அன்று நஞ்சப்பன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவில் தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

“யாராச்சும் கேட்டா என்ன சொல்றது அல்போன்சு? நீ அடிச்சதுன்னு சொல்லட்டுமா?”

“மிக்கேலம்மா அடிச்சதுன்னு சொல்லுங்க” என்றார் அல்போன்ஸ். “காத்து என்னுது.”

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சாம்பல் எவர் வாழ்க்கையிலும் விழவில்லை. அந்தக் காரைப் பார்த்தே அதற்கு அடுத்த ஆண்டில் ஏழு கார்கள் அந்த வாசலுக்கு வந்தன. பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை வந்த பிறகு டிராக்டர்களும் வந்தன. ஈறின் நீலக்கோடு கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை உதட்டைத் தூக்கிப் பார்ப்பேன். கை பாதி நிமிர்ந்தது. மிக்கேலம்மாள் அதற்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். அதற்கு மட்டும் நான் சண்டை போடவில்லை. எனக்கும் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது, ஆனால் நான் சொல்ல வேண்டியவர்கள் கண்முன்னே இருந்தார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். நஞ்சப்பனின் கார் போன மறுநாள் சேலத்திலிருந்து அந்த ஆள் வந்தார். பொங்கல் முடிந்துவிட்டதே, முதலாளி கேட்கிறார், பெட்டியைக் கட்டு என்றார். வாசலில் ஒரு சைக்கிள் சட்டம் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. மிக்கேலம்மாள் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு கன்னோடு நின்றார். அல்போன்ஸ் பம்பின்மேல் இருந்தார். நான் என் மூன்று கடிதங்களையும் மனதில் திரட்டி, வாயைத் திறக்கத் தயாரானேன்.

“எங்கங்க வர்றது?” என்றார் அல்போன்ஸ், மிதிப்பதை நிறுத்தாமல். “நான் வந்துட்டா இங்க காத்துக்கு யாரு? கம்பவுண்டர் சாரா? அவரு அறுபதுலயே வுழுந்துருவாரு.”

சேலத்து ஆள் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். மிக்கேலம்மாள் துணிக்குள்ளிருந்து, “எண்ணிக்கை தப்பிப் போவுதுங்க, அப்பறம் பேசுங்க” என்றார்.

“நூத்திப் பதினேழு” என்று அல்போன்ஸ் எடுத்துக் கொடுத்தார். “நூத்திப் பதினெட்டு.”